தூக்குப்போசி நிறுத்தம்

மூன்று லட்சத்துப் பதினான்காயிரம் ஓட்டம், ஒரு மோதல்கூட இல்லை. மேடையில் இதைச் சொன்னதும் பந்தலில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். சென்னியப்பனும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் ஏன் நின்றது என்று அவருக்கே உடனே விளங்கவில்லை.

சிமென்ட் ஆலை வாசலில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி எல்லாம் ஏக தடபுடல். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி ஊசிக்கரட்டுக் குவாரியிலிருந்து ஐம்பத்தெட்டு வேகன் சுண்ணாம்புக்கல்லை இழுத்துக்கொண்டு, ஆளில்லாத எஞ்சின் ஒன்று சரியாகப் பத்து நாற்பதுக்குக் கிளம்பியிருந்தது. டிரைவர் இல்லை, உதவி டிரைவர் இல்லை, கடைசிப் பெட்டியில் கார்டும் இல்லை. அந்த எஞ்சினின் மூளையைச் செய்தது ‘நேர்த்தடம்’ என்ற கம்பெனி. அதற்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த லைன் சென்னியப்பனுடையது. அதற்காகத்தான் அவருக்கு முன்வரிசை நாற்காலியும் பொன்னாடையும்.

லைன் என்றால் நிஜ லைன் இல்லை. ‘மஞ்சக்காடு லைன்’ எந்த வரைபடத்திலும் கிடையாது. பதினெட்டு கிலோமீட்டர், மூன்று ஸ்டேஷன், ஒரு பாலம், கிழக்கே ஒரு மலைக்கரடு, எல்லாமே கம்ப்யூட்டருக்குள். ரயில் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டுக்காக நாலு வருஷம் உட்கார்ந்து அவர் கட்டியது. பத்தொன்பது வருஷம் ஈரோட்டுப் பக்கம் கூட்ஸ் வண்டி ஓட்டிய மனிதர். ஆறு வருஷத்துக்கு முன்னால் எஞ்சினிலிருந்து இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. டிரைவர்களுக்கு டியூட்டி போடும் நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலி வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றாக அடுக்குவார். கேட்டுக்குக் கேட்டு நம்பர், மேட்டுக்கு மேடு சரிவுக்கல், சிக்னல் கம்பத்தின்மேல் காக்கா எச்சம் வரைக்கும் வைத்தார். அதை நெட்டில் சும்மா போட்டுவைத்தார். உலகம் பூராவும் ஆட்கள் எடுத்து விளையாடினார்கள். நேர்த்தடமும் எடுத்தது.

கைதட்டல் அடங்கியதும் அந்தக் கம்பெனியின் இன்ஜினீயர் தமயந்தி அவரைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப்போனாள். முப்பது வயசு இருக்கும். படபடவென்று பேசுகிற பெண். சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் எஞ்சினின் கண் பார்ப்பதை இவர்களும் பார்க்கலாம். தண்டவாளம் ஓடி ஓடி வந்து அடியில் மறைந்துகொண்டிருந்தது.

“எத்தனையோ ரூட் பாத்தோம் சார். எல்லாத்துலயும் சிக்னல் இருக்கு, ஸ்டேஷன் இருக்கு, மனுஷங்கதான் இல்ல. உங்க லைன்ல பாத்தா அடிக்கு ஒருத்தர் குறுக்க நடக்கறாங்க. ஆடு ஓட்டிட்டு, பைய மாட்டிட்டு, செல்லுல பேசிட்டு. நெஜ ஊர் மாதிரியே இருந்துச்சு. அதுக்காகவே எடுத்தோம். இந்த எஞ்சின் பொறந்து வளந்ததே உங்க லைன்லதான்.”

தட்டிய கை பாதியில் ஏன் நின்றது என்று சென்னியப்பனுக்கு அப்போது விளங்கிவிட்டது.

“அந்த ஆளுங்க மேல மோதுனா என்னாகும்னு பாத்தீங்களா அம்மிணி?”

“மோதவே இல்லையே சார். மூணு லட்சத்துப் பதினாலாயிரம் ஓட்டத்துல...”

“மோதாதுங்க. மோதவே மோதாது. அவிங்களுக்கு நானு ஒடம்பே வெக்கலீங்க.”

தமயந்திக்குப் புரியவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சிமுலேட்டரில் எதை வைத்தாலும், மரமோ வீடோ மனுஷனோ, ‘மோதல்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டால் அதற்கு உடம்பு உண்டு. வண்டி மோதினால் திரை கறுத்துவிடும், ஆட்டம் முடிந்தது. டிக் எடுத்துவிட்டால் வெறும் புகை. வண்டி உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போகும், அந்த ஆளும் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பான். மஞ்சக்காடு லைனில் மனுஷர்கள் ஒருத்தருக்கும் டிக் கிடையாது.

“ஏன் சார் எடுத்தீங்க?”

“ஒருத்தர் செத்துட்டாருங்க. நெஜத்துல. என்ற வண்டில.” அவர் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். “வெளையாட்டுலயாவது ஆரும் சாகாம ஓட்டோணும்னு பாத்தேன். இப்படி ஒரு எஞ்சினு வந்து அதுல படிக்கும்னு நான் கண்டேனா.”

ஆறு வருஷத்துக்கு முந்தி ஓர் அவுட்டர் சிக்னலுக்குப் பக்கத்தில் நடந்தது அது. செங்கல் சூளை ஆள், ரங்கசாமி என்று பேர். விசாரணையில் டிரைவர்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதினால் ஆயிற்றா?

“இல்ல சார், நாங்க டெஸ்ட் பண்ணினோம். தண்டவாளத்துல மனுஷ பொம்மை வெச்சோம். அழகா நின்னுச்சு.”

“பொம்மை நடந்துச்சுங்களா?”

தமயந்தி இல்லை என்று தலையாட்டினாள்.

“சும்மா நிக்கறது எதுவா இருந்தாலும் பொருளுன்னு நின்னுரும். நடந்தாத்தான் மனுசன். மனுசன்னா புகைன்னு அதுக்குப் பழகிப்போச்சுங்க.”

அவள் முந்தாநாள் ஒத்திகையின் பதிவை எடுத்தாள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஆட்டுக்காரர் ஒருவர் நானூறு மீட்டர் முன்னால் தண்டவாளத்தைக் கடக்கிறார். பக்கத்திலேயே பிரேக் அளவைக் காட்டும் கோடு. அந்தக் கோடு ஒரு துளிகூட அசையவில்லை. ஆட்டுக்காரர் தன் பாட்டுக்குக் கடந்து போய்விட்டதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தமயந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி, மேசைமேல் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தாள். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை.

திரை கறுப்பாக இருந்தது. ‘தொடர்பு இல்லை’ என்று எழுத்து வந்தது.

“கரட்டுக்குப் பின்னாடி போயிருச்சு சார். ரெண்டாவது கிலோமீட்டர்லருந்து ஒன்பது வரைக்கும் கரடு மறைக்கற லைன். நம்ம டவர் எட்டாது. எட்டலைன்னா நிக்காம வரணும்னுதான் சொல்லிக் குடுத்திருக்கோம். ஏத்தத்துல நின்னுட்டா அத்தனை பாரத்தோட திரும்பக் கெளம்பாது, அதனால.” அவள் மேப்பை விரித்துக் காட்டினாள். “ஆனா அங்க கேட்டே இல்ல சார். ஆளுங்க கடக்கற இடமே இல்ல. மேப்புல அப்படித்தான் இருக்கு.”

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பத்தெட்டு.

“ஏழரையாவது கிலோமீட்டர்ல கொளத்துமேடு இருக்குதுங்க. என்ற மாமனார் ஊரு. இன்னிக்கு மாரியாத்தா நோம்பி.”

அந்த ஊர் வழக்கம் அவருக்கு நன்றாகத் தெரியும். நோம்பித் திருவிழாவன்று காவேரியில் தீர்த்தம் எடுத்து இருநூறு முந்நூறு பேர் குடத்தோடு வருவார்கள். லைன் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால்தான் கோயில். குடம் எடுத்தவர்கள் வழியில் நிற்கக்கூடாது. ஆத்தா யாருக்காகவும் நிற்கமாட்டாள் என்பது கணக்கு. ஆகவே வண்டிதான் நிற்கும். ஆலை லைனில் ஓட்டிய அத்தனை டிரைவர்களும் நின்றார்கள். நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஊரில் ஒருத்தரும் தண்டவாளத்தில் ஏறுமுன் திரும்பிப் பார்க்கும் பழக்கம்கூட இல்லை.

காலையில் மரகதத்தை அங்கே இறக்கிவிட்டுவிட்டுத்தான் அவர் பந்தலுக்கு வந்தார். அவர் மனைவி இந்த வருஷம் குடம் எடுக்கிறாள்.

தமயந்தி ஜீப்பை அனுப்பினாள். எஞ்சினை நிறுத்தும் குமிழ் பூட்டிய கேபினுக்குள் இருக்கிறது, சாவியோடு ஒரு மெக்கானிக் ஏறிப் போனான். கரட்டைச் சுற்றிப் போக இருபத்தைந்து நிமிஷம். வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம்.

சென்னியப்பன் மரகதத்துக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அவள் தம்பிக்குப் போட்டார். மறுபடி அவளுக்கே போட்டார். மூன்றாவது தடவை எடுத்தாள். காது கிழிகிற மேளச் சத்தம்.

“ஏனுங்க, கொடத்தத் தலைல வெச்சுட்டு நடக்கறன், இப்பப் போயி...”

“மரகதம், வண்டி நிக்காது. கேளு, வண்டி நிக்காது. எல்லாத்தையும் மேட்டுக்குக் கீழயே நிறுத்தச் சொல்லு. எங்க இருக்கறீங்க?”

“மேட்டுக்கிட்ட வந்தாச்சுங்க. முன்னால போறவங்க ஏறிட்டாங்க.”

அவள் சத்தம் போட்டுச் சொல்வது கேட்டது. பூசாரியின் குரலும் கேட்டது. நிதானமான, சிரித்த குரல். “நிக்காம எங்க அம்மிணி போகுது? எங்கப்பன் காலத்துலருந்து நின்னுட்டிருக்குது. நட, நட.” மேளம் அவர் பேச்சையும் அமுக்கியது. இரண்டு பேருக்கு அருள் வந்திருந்தது. ஆத்தா வந்த கூட்டத்தை ஒரு பெண் போனைக் காட்டி நிறுத்திவிட முடியுமா?

“ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. மேடு ஏறி எறங்க எப்படியும் கால்மணி நேரம் ஆகுமுங்க. என்னுங்க பண்றது?”

“தண்டவாளத்துல கல்லு வைக்கச் சொல்லலாமா சார்?” என்றாள் தமயந்தி. “பொருள்னா நிக்கும்ல.”

“கல்லு அதுக்கு இருநூறு மீட்டர்லதான் கண்ணுல படும். அங்க எறக்கம், இந்தப் பாரத்துக்கு நிக்க அறுநூறு மீட்டர் வேணும். ஏறி அடிச்சுத் தடம் பொரண்டா மேட்டுக்குக் கீழ பூராவும் வீடுங்க.” அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “தூரத்துலயே பாத்து நிக்கற மாதிரி எதோ ஒண்ணு வேணும். என்ற லைன்ல அது எதுக்குத் தூரத்துலருந்தே நிக்குது? சிக்னலுக்கு. கேட்டுக்கு. அப்பறம்...”

அப்புறம் ஒன்று இருந்தது.

மஞ்சக்காடு லைனில் பத்தாவது கிலோமீட்டரில் ஸ்டேஷனும் இல்லை, சிக்னலும் இல்லை, ஆனால் ஒரு நிறுத்தம் உண்டு. தண்டவாளத்துக்கு இடப்பக்கம், ஸ்லீப்பர் கட்டையின் ஓரத்தில் ஒரு பெண் நிற்பாள். வலது கையை நீட்டி, சோற்றுத் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு. கூட்ஸ் வண்டிக்காரர்களுக்கு வேளைக்குச் சோறு ஏது? அவுட்டரில் வண்டியைப் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் கிடக்கும். வீடு பக்கமிருந்தால் பெண்டாட்டிமார் சோற்றுப் போசியோடு லைன் ஓரத்தில் வந்து நின்று எட்டிக் கொடுப்பார்கள். மரகதமும் அப்படித்தான் பதிமூன்று வருஷம் கொடுத்தாள். அதைத்தான் அவர் லைனில் வைத்தார். அவளை ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே பார்த்து, பிரேக் போட்டு, கேபின் கதவு அவள் கைக்கு நேராக வரும்படி நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போனால் ஆட்டம் முடிந்தது. அந்த லைனில் இருந்த அத்தனை மனுஷர்களிலும் உடம்பு வைத்தது அவள் ஒருத்திக்கு மட்டும்தான்.

“மரகதம். நீ தூக்குப்போசியோட நிக்கற மாதிரி லைன்ல ஒரு பொம்மை வெச்சனே, நெனப்பிருக்குதா?”

“எதுங்க, அந்தக் கொடமா?”

போசியின் வட்ட மூடி எப்படிச் செய்தும் சரியாக வரவில்லை என்று, ரெடிமேடாகக் கிடைத்த குடம் ஒன்றை எடுத்துக் கைப்பிடி ஒட்டிவிட்டார். “சோத்துப்போசியா இது? காவேரிக்குத் தண்ணிக்குப் போறவளாட்ட நிக்க வெச்சிருக்கீங்க” என்று மரகதம் ஒரு வாரம் ஓட்டித் தள்ளினாள்.

“அதேதான். நீ வண்டி வர்ற பக்கமா லைன் ஓரமாவே ஓடு. வளைவு தாண்டி நேரா இருக்கற எடம் வரோணும். வண்டிக்கு இடது கைப்பக்கம் நின்னு, கொடத்த வலது கைல நீட்டிப் புடி. தண்டவாளத்து மேல கால் வெக்காத. நடக்காத. அசையாம நிக்கோணும்.”

“ஓடறனுங்க.”

“தண்ணியக் கொட்டிட்டு ஓடு.”

“தீர்த்தத்தக் கொட்டறதா? சும்மா இருங்க.”

போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது. ஜல்லிக்கல் நொறுங்கும் சத்தமும் அவள் மூச்சும் மட்டும் வந்தன. மேளம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. நாற்பத்திநாலு வயசுப் பொம்பளை, காலையிலிருந்து பட்டினி விரதம், தலைமேல் நிறைகுடம், வெறுங்கால். ஆளில்லாத வண்டியை நிறுத்த அவளை விட்டால் சென்னியப்பனுக்கு வேறு ஆள் இல்லை. பத்து ஐம்பத்திநாலு.

“வளைவு தாண்டிட்டனுங்க. வண்டி தெரியுது. ஐயோ, பெருசா வருதுங்க.”

“நில்லு. கைய நீட்டு.”

தமயந்தி கறுப்புத் திரைக்கு முன்னால் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். போனில் முதலில் தண்டவாளம் முனகியது. பிறகு ஹாரன், ஒரு நீட்டு நீட்டி ஊதியது. அது லைன் ஓரத்தில் ‘ஹாரன் ஊது’ என்று நட்டிருக்கும் பலகைக்கு ஊதுகிற ஊதல், ஆளுக்காக ஊதுவது அல்ல. அதற்கப்புறம் அந்தச் சத்தம். பத்தொன்பது வருஷம் கேட்ட சத்தம். ஐம்பத்தெட்டு வேகனும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரேக் பிடிக்கிற நீளமான இரும்புக் கீச்சல். அது முடியவே முடியாது போல இழுத்துக்கொண்டு போய், முடிந்தது.

“நின்னுருச்சுங்க,” என்றாள் மரகதம். “என்ற கைக்கு நேரா கதவு நிக்குது.”

தமயந்தி அழுதுவிட்டாள். சென்னியப்பன் அழவில்லை. அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருந்தது.

“மரகதம், கைய எறக்கிராத. எறக்கினா சோறு குடுத்தாச்சுன்னு அர்த்தம். கெளம்பிரும்.”

“எத்தன நேரமுங்க?”

கூட்டம் பூராவும் மேடு இறங்க வேண்டும். இல்லையென்றால் ஜீப் வந்து கேபினைத் திறக்க வேண்டும். பத்து ஐம்பத்தேழு. “பதினெட்டு நிமிசம்,” என்றார்.

இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டாளாம், பிறகு சொன்னாள். வெண்கலக் குடம், நிறைய தண்ணீர், கை நீட்டி, மொட்டை வெயிலில். வீட்டில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் தெரியும். உதவிக்குக் கூப்பிட அங்கே ஆளில்லை. ஊரே முக்கால் கிலோமீட்டர் தள்ளி மேளத்துக்குள் இருந்தது. தமயந்தி விடாமல் போட்டும் அவள் தம்பியின் போன் எடுக்க ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

நாலு நிமிஷம். ஆறு நிமிஷம். “மேளம் எங்க கேக்குது?” என்று கேட்டார். “மேட்டு மேலயேதாங்க.” எட்டாவது நிமிஷம் அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் போனில் கேட்டது. ஒன்பதாவது நிமிஷம் புஸ்ஸென்று காற்று இறங்கியது. பிரேக் தளர்கிற சத்தம்.

“கைய மேல தூக்கு. மரகதம், தூக்கு சாமி, தூக்கு.”

முனகல். ஜல்லியில் கால் வழுக்கும் சத்தம். பிறகு மறுபடி டக்கென்று பிரேக் பிடித்தது.

“தூக்கிட்டனுங்க. ஒரு சாணு நவுந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “தண்ணியக் கொட்டறேன். ஆத்தா மன்னிக்கட்டும். அவ ஆளுகளக் காப்பாத்தறதுக்குத்தான கொட்டறன்.” நீட்டிய கையை இறக்காமல் மணிக்கட்டை மட்டும் சாய்த்தாள். கல்லில் தண்ணீர் சளசளவென்று விழுவது ரொம்ப நேரம் கேட்டது.

அவளைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சென்னியப்பனுக்குப் பட்டது. என்ன பேசுவது? ஆறு வருஷமாகப் பேசாத பேச்சு ஒன்றுதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“மரகதம், அன்னிக்கு அந்த அவுட்டர்ல...”

“இப்ப வேண்டாமுங்க,” என்றாள் அவள். “இப்ப மணிய மட்டும் சொல்லுங்க.”

சொன்னார். ஒவ்வொரு நிமிஷமாகச் சொன்னார். பதின்மூன்றாவதில் மேளம் கோயில் பக்கம் இறங்கியது. பதினேழாவதில் ஜீப் ஹாரன் கேட்டது. மெக்கானிக் ஓடி வந்து, கேபினைத் திறந்து, குமிழை அடித்தான். போனில் எஞ்சின் உறுமல் இறங்கி இறங்கி அடங்கியது. ஊருக்குள் ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது. வண்டி வழக்கம்போல நின்றது, அவ்வளவுதான்.

கன்ட்ரோல் ரூமை விட்டுக் கிளம்பும்போது தமயந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “பூஜ்யம்னு போட்டு சந்தோஷப்பட்டோம் சார். ஏன் பூஜ்யம்னு ஒருத்தர்கூடக் கேக்கல. எல்லாருக்கும் உடம்பு வெச்சு மறுபடி முதல்லேருந்து ஓட விடணும். வெச்சுக் குடுப்பீங்களா?”

“வெக்கோணும்னா, மொதல்ல அது மோதிக் கத்துக்கும் அம்மிணி,” என்றார் அவர். “எத்தன ஆயிரம் தடவ மோதுமோ. நானு பாத்துட்டு உக்காந்திருக்கோணும்.” வைக்கிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் வண்டி ஏறினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மரகதம் எஞ்சின் நிழலில் ஜல்லிமேல் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவை நனைந்து மண்ணாகிக் கிடந்தது. பாதத்தில் ரத்தம். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, வெறுங்குடத்தை இன்னமும் கேபினைப் பார்த்து நீட்டிக்கொண்டே இருந்தாள்.

“அணைச்சாச்சுன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேங்க,” என்றான் மெக்கானிக். “நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வரோணுமாம்.”

சென்னியப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். குடத்தை வாங்கப் பார்த்தார். விரல்கள் மரத்துப்போய்ப் பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிரித்துக்கொண்டே சொன்னார். இப்போது விட்டால் அப்புறம் வாயே வராது என்று தெரியும்.

“அன்னிக்கு ரங்கசாமி குறுக்க வந்தது எனக்குத் தெரியவே இல்லன்னு எழுதிக் குடுத்தேன். தெரிஞ்சிருக்கும் மரகதம். லைனப் பாத்துட்டு வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நானு...”

“என்னயப் பாத்துட்டு வந்தீங்க.”

அவர் கை நின்றது.

“நானு அங்கதானுங்க நின்னேன். அவரு லைன்ல எறங்கறதப் பாத்தேன். போசி இருந்த கையத் தூக்கி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனேன், பாருங்க பாருங்கன்னு. நீங்க சோத்துக்குக் கூப்புடறேன்னு நெனச்சுட்டுச் சிரிச்சீங்க.” மரகதம் அவரைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள். “இதும் இன்னிக்கு அப்படியேதான் வந்துச்சு. வேற எதயும் பாக்காம, என்னய மட்டும் பாத்துட்டு.”

“ஏன் இத்தன வருசமாச் சொல்லல?”

“சொன்னா, அப்பறம் என்ற மூஞ்சியப் பாக்கறதையே விட்டுருவீங்கன்னு பயந்தனுங்க.”

கடைசி விரலும் பிரிந்தது. அவர் குடத்தை வாங்கிக் கல்மேல் வைத்தார். மரகதம் கையை மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்கினாள். இறக்கும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நின்ற இடத்திலேயே நின்றது. கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் இறங்கிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்.